கொலம்பஸும் கொஞ்சம் எலுமிச்சம்பழமும்

ஒவ்வொரு குடும்பத்திலும் பை பார்த்துக்கொள்கிறவர் என்று ஒருவர் இருக்கிறார். உங்கள் குடும்பத்தில் அது யார்?

தெரியவில்லை என்றால் ஒரு தடவை எல்லாரும் சேர்ந்து தீம் பார்க்குக்குப் போய்ப் பாருங்கள். செருப்பு, செல்போன், மூக்குக்கண்ணாடி, பாதி தின்ற பாப்கார்ன் எல்லாவற்றையும் ஒருவர் மடியில் போட்டுவிட்டு மற்றவர்கள் கொலம்பஸுக்கு ஓடுவார்கள். அந்த ஒருவர் சாயங்காலம் வரை சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து, நகர்கிற நிழலோடு தானும் நகர்ந்துகொண்டிருப்பார். பல பார்க்குகளில் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். எதிலும் ஏறாத இவருக்கும் அதே விலை. நான் படித்தது பி.காம். தராத சேவைக்குக் காசு வாங்குவதற்கு எங்கள் பாடப்புத்தகத்தில் நல்ல பெயர் இருந்ததாக ஞாபகம் இல்லை.

இந்தக் கட்டுரை பை மாமாக்கள், பை அத்தைகள் சார்பில்.

திருச்சிக்காரர்களுக்கு இதில் தண்டனை டபுள். ஊரில் முக்கொம்பு இருக்கிறது. ஸ்ரீரங்கம் மேலூரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. 2025-ல் கம்பரசம்பேட்டையில் பறவைகள் பூங்காவும் வந்துவிட்டது. பட்டாம்பூச்சியைப் பார்த்து யாரும் வாந்தி எடுத்ததில்லை. ஆளைத் தலைகீழாகத் தொங்கவிடும் பெரிய சமாசாரம் வேண்டுமென்றால் 300 கிலோமீட்டர் தாண்டி சென்னைப் பக்கம் போக வேண்டும். 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் வொண்டர்லா திறந்ததிலிருந்து வீட்டுக்கு வீடு பிள்ளைகள் நச்சரிப்பு வேறு. ராத்திரி ரெண்டு மணிக்கு ஸ்ரீரங்கத்தில் வேன் ஏறினால் நம் பை மாமாவுக்கு பாடாலூர் தாண்டும்போதே வாயில் எச்சில் ஊற ஆரம்பித்துவிடும். பார்க் வாசலுக்கு வந்து சேர்வது பாதி மாமாதான்.

அப்புறம் தொடங்கும் வசனங்கள்.

“சும்மா ஏறுங்க மாமா. ரெண்டே நிமிஷம்.”

“வேணாம்ப்பா. எனக்கு ஒத்துக்காது.”

“பயமா? அங்க பாருங்க, அஞ்சாங்கிளாஸ் பொண்ணு ஏறுது!”

சின்னப் பையனாக இருந்தால் வசனம் இன்னும் மோசம். “ஆம்பளப் புள்ளடா நீ.” சொல்வது பெரும்பாலும் சித்தப்பா. ஸ்ரீரங்கத்து அகங்களில் இதையே கொஞ்சம் மரியாதையாக, “அத்தைக்கு எல்லாத்துக்கும் பயம், விட்டுடுங்கோ” என்பார்கள். அர்த்தம் ஒன்றுதான்.

ஐயா, இது பயமில்லை. இதைப் புரிந்துகொள்ளாததுதான் எல்லா அட்டூழியத்துக்கும் ஆரம்பம். மலைக்கோட்டை உச்சிப் பிள்ளையார் கோயிலிலிருந்து கீழே எட்டிப் பார்க்க நடுங்குகிறவர் ஒரு ரகம். அவருடையது உயரத்தின் மேல் பயம். அதே இடத்தில் அலட்சியமாக நின்று காவிரியையும் கொள்ளிடத்தையும் ரசித்துவிட்டு, தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் சுற்றுகிற கப் அண்ட் சாஸரில் குடல் வெளியே வருகிறவர் வேறு ரகம். முதலாமவருக்குத் தைரியம் சொல்லலாம். இரண்டாமவருக்குத் தைரியம் ஏற்கெனவே இருக்கிறது. ஒத்துழைக்காதது காது.

ஆமாம், காதுதான். உட்காதில் அரைவட்டக் குழாய்கள் மூன்று இருக்கின்றன. அவற்றில் இருக்கிற திரவம், தலை எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று மூளைக்குச் சொல்லும். பக்கத்தில் பொடிப்பொடியான சுண்ணாம்புப் படிகங்கள் இருக்கின்றன. நேர்கோட்டு அசைவும் புவியீர்ப்பும் அவற்றின் இலாகா. கண்ணும் தசைகளும் தனித்தனியே தங்கள் ரிப்போர்ட்டை அனுப்புகின்றன. எல்லாம் ஒத்துப்போனால் பிரச்னையில்லை.

பி.காம். பாஷையில் சொன்னால் இது பேங்க் ரீகன்சிலியேஷன். கேஷ் புக்கும் பாஸ் புக்கும் டாலியாக வேண்டும். வேனின் பின் சீட்டில் உட்கார்ந்து செல்போன் பார்க்கிறீர்கள். ‘எதுவும் அசையவில்லை’ என்கிறது கண். ‘ஆடுகிறது, திரும்புகிறது, பிரேக் போடுகிறது’ என்கிறது காது. கணக்கு இடிக்கிறது. இடிக்கிற தொகையை மூளை எந்தத் தலைப்பில் எழுதும்? சஸ்பென்ஸ் அக்கவுன்ட். அதைக் கடைசியில் தீர்த்துவைப்பது வயிறு.

காதுதான் காரணம் என்பதற்குச் சாட்சி உண்டு. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ், காது கேளாதவர்களை வேகமாகச் சுற்றிவிட்டால் என்ன ஆகிறது என்று விசாரித்து 1882-ல் எழுதினார். அவர்களில் பலருக்குத் தலை சுற்றவே இல்லை. உட்காதின் இந்தப் பகுதி அடியோடு செயலிழந்தவர்களைக் கப்பலில் ஏற்றினாலும் வாந்தி வருவதில்லை என்று பிற்பாடு நடந்த ஆராய்ச்சிகளும் சொல்லின. அதாவது, கொலம்பஸில் வாந்தி எடுக்கிற உங்கள் மாமாவின் காது பழுதில்லை. அது மிகவும் கறாரான ஆடிட்டர். பத்து பைசா இடித்தாலும் கையெழுத்துப் போடாது.

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? டிரஃபால்கரில் ஜெயித்த அட்மிரல் நெல்சனுக்குக் கடைசி வரை கடல் ஒத்துக்கொண்டதில்லை. சார்லஸ் டார்வின் 1831-லிருந்து 1836 வரை பீகிள் கப்பலில் உலகத்தைச் சுற்றினார். அந்த ஐந்து வருடமும் வயிற்றோடு சண்டைதான். பொறுக்கி எடுத்த விண்வெளி வீரர்களிலேயே பெரும்பாலோருக்கு முதல் ரெண்டு மூன்று நாள் குமட்டுகிறது. எடையின்மையைச் சமாளிக்க உதவுமா என்று பார்க்க, 1984-ல் நம் ராகேஷ் சர்மா விண்வெளியில் யோகா செய்தார். அவர்களிடம் போய் “ஆம்பளப் புள்ளடா நீ” என்று சொல்லும் சித்தப்பா உண்டா?

இப்போது கொலம்பஸுக்கு வருவோம். ஸ்ரீரங்கத்தில் ஊஞ்சல் இல்லாத பழைய வீடு குறைவு. ஐப்பசி வந்தால் நம்பெருமாளுக்கே ஒன்பது நாள் ஊஞ்சல் உற்சவம். ஊஞ்சலில் தினம் ரெண்டு மணி நேரம் ஆடுகிற பாட்டிக்குக் குமட்டுவதில்லை. அதே பாட்டியைக் கொலம்பஸில் ஏற்றினால் அவ்வளவுதான். ரெண்டும் ஆடுவதுதானே?

இல்லை. ஊசலின் நீளம் கூடினால் ஆடும் நேரமும் கூடும். எட்டடிச் சங்கிலி போட்ட வீட்டு ஊஞ்சல் ஒரு முறை போய்த் திரும்ப மூன்று விநாடி ஆகும். பத்து மீட்டர் நீளத்தில் தொங்குகிற கொலம்பஸுக்கு ஆறு விநாடிக்கு மேல். வயிற்றை அதிகம் பிரட்டுவது ஐந்து விநாடிக்கு ஒரு தரம் வருகிற மாதிரியான மெதுவான, பெரிய ஆட்டம் என்று கப்பல்களை ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். கொலம்பஸ் அந்தப் பேட்டையிலேயே குடியிருக்கிறது. கடலை வாடகைக்கு எடுத்துக் கரையில் வைத்த மாதிரி.

இன்னொன்றும் உண்டு. ஊஞ்சலை உந்துகிற கால் பாட்டியுடையது. அடுத்து என்ன வரும் என்று மூளைக்கு முன்கூட்டியே தெரியும். 70 கொண்டை ஊசி வளைவு ஏறி கொல்லிமலைக்குப் போகிற வேனில் டிரைவர் வாந்தி எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? ஸ்டீயரிங் பிடித்தவருக்கு வராது. பின் சீட்டில் இருப்பவருக்குத்தான் வரும். கட்டுப்பாடு கையில் இல்லாதவனுக்கு வருகிற வியாதி இது. அந்தக் கையில் இல்லாத நிலையை இன்னும் அதிகமாக்குவது போல, கையைப் பிடித்து இழுத்து ஏற்றுகிறீர்கள்.

“பழகினா சரியாயிடும்” என்பது அடுத்த வாதம். பாதி உண்மை. மாலுமிகளும் விமானிகளும் பழகத்தான் செய்கிறார்கள். ஆனால் அது நாள் கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பழகுவது. வருஷத்துக்கு ஒரு தடவை பிடித்துத் தள்ளுவதற்குப் பெயர் பழக்கமில்லை. ஒரு தடவை மோசமாக வாந்தி எடுத்த குழந்தைக்கு அடுத்த தடவை வேனின் டீசல் வாடை, சீட் கவர் வாடையே போதும், பயணம் ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே பிரட்டும். நீங்கள் பழக்கியது அதைத்தான்.

குழந்தைகள் விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. ரெண்டு வயசுக்குக் கீழே இந்தத் தொல்லை அநேகமாக வருவதில்லை. அதன் பிறகு ஏறி, ஒன்பது பத்து வயசில் உச்சத்துக்குப் போய், பிறகு மெள்ள இறங்குகிறது. பள்ளிக்கூட எக்ஸ்கர்ஷன் எந்த வயசில் ஜோராக நடக்கிறது? அதே நாலாங்கிளாஸ், அஞ்சாங்கிளாஸில். பெற்றோரிடம் கையெழுத்து வாங்குகிற தாளில் பணம் எவ்வளவு, எத்தனை மணிக்கு வர வேண்டும் எல்லாம் இருக்கும். ‘உங்கள் குழந்தைக்குப் பயணத்தில் வாந்தி வருமா, எதில் ஏற்றக் கூடாது’ என்று ஒரு வரி சேர்த்தால் என்ன?

சரி, மருந்து? எலுமிச்சம்பழத்தை முகர்வது நம் தேசிய வைத்தியம். கெடுதல் இல்லை, முகருங்கள். இஞ்சி கொஞ்சம் உதவலாம், ஆராய்ச்சி முடிவுகள் ரெண்டு பக்கமும் இருக்கின்றன. உறுதியாக வேலை செய்கிற மாத்திரைகள் வேறு. 1947-ல் அமெரிக்காவில் பால்டிமோரில் ஒரு பெண்ணுக்குத் தோல் தடிப்புக்காக ஒவ்வாமை மாத்திரை கொடுத்தார்கள். டிராமில் ஏறினால் வருகிற குமட்டல் நின்றுவிட்டது என்று அவர் வந்து சொன்னார். அதுதான் டைமென்ஹைட்ரினேட். பிறகு கப்பலில் போன ராணுவத்தினருக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். நம் மெடிக்கல் ஷாப்பில் பலரும் கேட்டு வாங்குகிற அவோமினும் அந்த உறவுக்கார மருந்துதான்.

இங்கேதான் மூன்று தப்பு நடக்கிறது. ஒன்று, வாந்தி வந்த பிறகு மாத்திரை போடுவது. ஏறுவதற்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்னால் போட்டால்தான் பிரயோஜனம். ரெண்டு, ‘வாந்தி மாத்திரை’ என்று பொதுவாகக் கேட்டு ஆன்டன்செட்ரான் வாங்கிப் போடுவது. வேறு வாந்திகளுக்கு அது கெட்டிக்கார மருந்து, இந்த வாந்திக்கு அவ்வளவாகப் பேசாது. மூன்றாவது, ஆபத்தானது. இந்த ஒவ்வாமை ரக மாத்திரைகள் தூக்கத்தை வரவழைக்கும். மாத்திரை போட்டுக்கொண்டு பகலெல்லாம் விளையாடிவிட்டு, ராத்திரி அதே ஆள் காரை ஓட்டிக்கொண்டு திருச்சி திரும்புகிறார் என்றால், அன்றைக்கு உண்மையான த்ரில் ரைடு தேசிய நெடுஞ்சாலையில்தான். மாத்திரை போட்டவர் ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது. கைக்குழந்தைக்கு அரை மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கிற பாட்டிகளுக்கும் ஒரு வார்த்தை: ப்ரோமெதசின் வகையை ரெண்டு வயசுக்குக் கீழே கொடுத்தால் மூச்சே தடைப்படலாம் என்று 2004-லேயே அமெரிக்காவில் எச்சரிக்கை போட்டார்கள். டாக்டரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம்.

விரும்பி ஏறுகிறவர்களுக்கு மாத்திரை இல்லாத சில உபாயங்கள்: தலையைச் சீட்டோடு அழுத்தி வையுங்கள். தூரத்தில் அசையாத ஒன்றைப் பாருங்கள், முடியாவிட்டால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். சுற்றுகிறபோது பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கத் தலையைச் சாய்க்காதீர்கள், காது குழம்புவது அப்போதுதான். புளியோதரையைக் கட்டி முடித்தவுடன் ஏறாதீர்கள். ரெண்டு நிமிஷ ரோலர் கோஸ்டரைவிட ஐந்து நிமிஷம் சுற்றுகிற ராட்டினம் மோசமானது.

பார்க் முதலாளிகளிடம் மூன்று கோரிக்கை. இதய நோயாளிகள், கர்ப்பிணிகள் ஏறக் கூடாது என்று போர்டு வைக்கிறீர்களே, அதிலேயே ‘பயணத்தில் வாந்தி வருபவர்கள் யோசித்து ஏறவும்’ என்று ஒரு வரி. கையைத் தூக்கினால் வேகத்தைக் குறைப்பேன் என்ற ஏற்பாடு. திருவிழா ராட்டினங்களில் நேர்மாறாக நடக்கிறது. ‘நிறுத்து’ என்று கத்தினால் உற்சாகம் என்று நினைத்து இன்னும் ரெண்டு சுற்று இனாம். கடைசியாக, ஏறாதவர்களுக்குத் தனி டிக்கெட், பாதி விலையில்.

‘இதெல்லாம் ஒரு விஷயமா’ என்று கேட்பீர்கள். 2016 மே மாதம் கிஷ்கிந்தாவில் சோதனை ஓட்டத்தின்போது ராட்டினம் சரிந்து ஓர் ஊழியர் இறந்தார். அது செய்தியாயிற்று, விசாரணை வந்தது. சரிதான், உயிர் முக்கியம். ஆனால் தினமும் ராட்டினத்திலிருந்து வெள்ளைவெளேரென்று இறங்கி வேப்பமரத்தடியில் குனிகிறவர்களுக்கு நாம் கொடுப்பது ஒரு சிரிப்பும், ஒரு செல்போன் வீடியோவும்தான். வாந்தி எடுக்கிறவனைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போடுவது எந்த ஊர் விளையாட்டு?

அடுத்த லீவுக்கு வேன் பேசும்போது முன் சீட்டை அவருக்குக் கொடுங்கள். பையை ஆளுக்கு அரை மணி நேரம் முறை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ‘ஏறுங்க’ என்று சொல்லாமல் ‘ஏறுறீங்களா?’ என்று ஒரு தடவை மட்டும் கேளுங்கள்.

அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அவருடைய காது நன்றாகவே வேலை செய்கிறது. எனக்குச் சந்தேகமெல்லாம் உங்கள் காது மேல்தான். அவர் மூன்று தடவை ‘வேணாம்ப்பா’ என்று சொன்னாரே, அது எப்படி அதில் விழாமல் போயிற்று?