தாயின் எடையும் பிள்ளையின் பருமனும்

கர்ப்ப காலத்தில் ஒரு பெண்ணுக்குக் கூடும் எடை முழுவதும் கொழுப்பு அல்ல. சராசரியாகக் கூடும் 12.5 கிலோவில் குழந்தை மட்டும் 3.4 கிலோ இருக்கும். நஞ்சு, பனிக்குட நீர், பெருத்த கருப்பை, மார்பகம் ஆகியவை சேர்ந்து ஏறக்குறைய 3 கிலோ. புதிதாக ஊறும் ரத்தமும் திசுக்களில் தேங்கும் நீரும் இன்னொரு 3 கிலோ. எஞ்சிய மூன்றரை கிலோவுக்கும் குறைவான பகுதிதான் கொழுப்பு. பாலூட்டும் மாதங்களுக்காக உடல் சேர்த்துவைக்கும் இருப்பு அது. எடை அளவுக்கு மீறும்போது பெரும்பாலும் பெருகுவது இந்த இருப்புதான்.

அளவு எது என்பது ஆளுக்கு ஆள் மாறும். அமெரிக்க மருத்துவக் கழகம் 2009-இல் வெளியிட்ட வரையறை, கருத்தரிக்கும் முன் இருந்த உடல் நிறைக் குறியீட்டை (பிஎம்ஐ) அடிப்படையாகக் கொள்கிறது. குறியீடு 18.5-க்குக் கீழே உள்ள மெலிந்த பெண்ணுக்கு 12.5 முதல் 18 கிலோ வரை கூடலாம். 18.5 முதல் 24.9 வரை உள்ளவருக்கு 11.5 முதல் 16 கிலோ. 25 முதல் 29.9 வரை 7 முதல் 11.5 கிலோ, 30-ஐத் தாண்டியவருக்கு 5 முதல் 9 கிலோ போதும்.

தாயின் எடை பிள்ளையைத் தொடும் வழிகளில் நன்கு அறியப்பட்டது சர்க்கரை. தாயின் ரத்தச் சர்க்கரை நஞ்சைக் கடந்து குழந்தைக்குப் போகும். தாயின் இன்சுலின் போகாது. வந்து சேரும் சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையின் கணையமே கூடுதல் இன்சுலினைச் சுரக்க, அந்தச் சர்க்கரை கொழுப்பாகப் படிகிறது. டென்மார்க் மருத்துவர் யோர்கன் பெடர்சன் 1950-களில் முன்வைத்த விளக்கம் இது. ஒன்பது நாடுகளில் 23,000-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை ஆராய்ந்து 2008-இல் வெளியான ஆய்வு இதை உறுதிசெய்தது. நீரிழிவு என்று சொல்ல முடியாத அளவிலும், தாயின் சர்க்கரை ஏற ஏறக் குழந்தையின் எடையும் ஏறியது.

ஆனால், பருமனான தாய்க்குப் பருமனான பிள்ளை இருப்பதற்கு மரபணுவும் காரணமாகலாம், வீட்டு அடுப்படியும் காரணமாகலாம். இவற்றைப் பிரித்தறிய டேவிட் லுட்விக், ஜேனட் கரி உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளை ஒப்பிட்டனர். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலம் 2003-இல் இயற்றிய சட்டப்படி, பள்ளி மாணவர்களின் பிஎம்ஐ அளக்கப்பட்டுவந்தது. அந்தப் பதிவுகளைப் பிறப்புப் பதிவுகளோடு இணைத்து, 42,133 பெண்களின் 91,045 பிள்ளைகளைப் பற்றி 2013-இல் முடிவை வெளியிட்டனர். கர்ப்பத்தில் கூடிய ஒவ்வொரு கிலோவுக்கும், பன்னிரண்டு வயதை நெருங்கும் பிள்ளையின் பிஎம்ஐ 0.022 கூடியிருந்தது. தாய்க்குப் பத்து கிலோ மிகுந்தாலும் பிள்ளைக்குக் கால் புள்ளிகூட ஏறுவதில்லை. தொடர்பு உண்மை, அளவு சிறிது. ஒரு பிள்ளையின் பருமனுக்குத் தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இது போதாது. ஒரு சமூகத்தின் சராசரியைப் பேசும்போதுதான் அதற்குக் கனம் வருகிறது.

எடை குறைவதும் பாதுகாப்பு அல்ல. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தைப் பஞ்சம் வாட்டியது. கர்ப்பத்தின் முற்பாதியில் தாய் பட்டினி கிடந்திருந்தால், மகன் 19 வயதில் பருமனாக இருக்கும் வாய்ப்பு கூடியிருந்ததை 1976-இல் வெளியான ஆய்வு காட்டியது. புணேயில் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் கண்டது இன்னும் நெருக்கமானது: அங்கே பிறந்த குழந்தைகள் இங்கிலாந்துக் குழந்தைகளைவிட ஏறத்தாழ 800 கிராம் குறைவாக இருந்தும், தசை மெலிந்த அளவுக்குத் தோலடிக் கொழுப்பு குறையவில்லை. பிறப்பெடையைத் தராசில் பார்த்து மட்டும் பிற்காலப் பருமனைக் கணிக்க முடியாது.

தமிழ்நாட்டில் இரு முனைகளும் ஒருங்கே உள்ளன. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15-49 வயதுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினரின் பிஎம்ஐ 25-ஐ எட்டியிருக்கிறது, 12.6 விழுக்காட்டினர் மெலிந்தவர்கள். "ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்" என்ற அறிவுரை இரு தரப்புக்கும் ஒன்றுபோல் பொருந்தாது. அமெரிக்க அட்டவணையை அப்படியே எடுப்பதிலும் சிக்கல் உண்டு. பிஎம்ஐ 24 உள்ள பெண்ணை அது இயல்பான எடையுள்ளவர் என்று கொண்டு 16 கிலோ வரை அனுமதிக்கிறது. 23-லேயே மிகை எடை தொடங்கும் இந்திய அளவுகோலில் அவர் ஏற்கெனவே எல்லையைத் தாண்டியவர்.

கர்ப்பம் தரித்தபின் தொடங்கும் அறிவுரைக்கும் எல்லை உண்டு. ஆஸ்திரேலியாவில் மிகை எடையுள்ள 2,212 கர்ப்பிணிகளிடம் உணவு, நடைப்பயிற்சி ஆலோசனையைச் சோதித்து 2014-இல் வெளியான ஆய்வில், நான்கு கிலோவுக்கு மேல் பிறந்த குழந்தைகள் சற்றுக் குறைந்தனர். தாய்மாரின் எடைக் கூடுதலில் மாற்றம் இல்லை. ஆகவே முதல் இடம் கருத்தரிக்கும் முன்னுள்ள எடைக்கு. அடுத்தது சர்க்கரை: சென்னை மருத்துவர் வி. சேஷய்யா வலியுறுத்திய எளிய சோதனையில், சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராமை எட்டுகிறதா என்று பார்த்தால் போதும். மூன்றாவது, கர்ப்பத்தைப் பதியும் அன்றே எடையோடு உயரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, அந்தப் பெண்ணுக்கு உரிய அளவை எழுதித் தருவது. மாதந்தோறும் எடை பார்ப்பதற்கு அதன் பிறகே பொருள் இருக்கும்.