கணனி போடும் கோடும் வியாபாரியின் கணக்கும்

எமது பிள்ளைகள் கடைக் கணக்கைக் கணனியில் ஏற்றி, அடுத்த மாதம் எவ்வளவு விற்கும் என்று பார்க்கிறார்கள். நல்ல விடயம்தான். எக்செலில் ‘ஃபோர்காஸ்ட்’ என்றொரு சூத்திரம் இருக்கிறது. ஒரு நிரலில் மாதங்களையும் மறு நிரலில் விற்பனையையும் கொடுத்தால், அவற்றுக்குப் பொருத்தமான நேர்கோடொன்றைப் போட்டு, அதை முன்னுக்கு நீட்டி விடை சொல்லும். உயர்தரத்தில் வணிகப் புள்ளிவிபரவியல் படிக்கும் பிள்ளைகள் இதைப் ‘பிற்செலவு’ என்பார்கள். பெயரில்தான் செலவு, வேலையில் இல்லை.

ஆனால், இந்தக் கோட்டை மட்டும் நம்பிக் கடனுக்குச் சரக்கு எடுக்கலாமா? கூடாது என்பதே எனது கருத்து.

2021 செப்டெம்பரிலிருந்து 2022 மார்ச் தொடக்கம் வரை டொலர் 200 ரூபாவை ஒட்டியே நின்றது. அந்த மாதங்களை மட்டும் கொடுத்திருந்தால், மே மாதமும் அதே விலைதான் என்று கணனி அடித்துச் சொல்லியிருக்கும். மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி பிடியைத் தளர்த்தியது. மே மாதத்தில் டொலர் 360 ரூபா அளவுக்கு ஏறியது. பெப்ரவரியில் 90 நாள் தவணைக்கு 10,000 டொலர் சரக்கு எடுத்த ஒருவருக்கு, 20 இலட்சம் ரூபாக் கடன் 36 இலட்சமாகியிருக்கும். கணனி பொய் சொல்லவில்லை. எல்.சி. திறக்க டொலர் இல்லையென்று வங்கிகள் கையை விரித்தது அந்த நிரலில் இல்லை. அது வியாபாரிக்குத்தான் தெரியும்.

பெருநாள் வியாபாரமும் அப்படித்தான். நோன்புப் பெருநாள் வருடத்துக்கு ஏறக்குறைய 11 நாட்கள் முந்தி வருகிறது. 2022இல் மே 3, 2025இல் மார்ச் 31. வெள்ளவத்தைப் புடவைக் கடைக்காரர் மாதத்தை மட்டும் கொடுத்தால் நேர்கோடு எல்லா மாதங்களையும் ஒன்றாகவே பார்க்கும். அந்த மாதத்தில் எத்தனை நோன்பு நாட்கள் என்று இன்னொரு நிரல் சேர்த்து, ‘ட்ரெண்ட்’ சூத்திரத்தைப் பாவிக்க வேண்டும். கொட்டாஞ்சேனைக் கடைக்குத் தீபாவளிக்கும் நத்தாருக்கும் நிரல் வேண்டும்.

இன்னொரு சோதனையும் செய்யுங்கள். கடைசி மூன்று மாதக் கணக்கை மறைத்து வைத்துவிட்டு, அவற்றைக் கணனியிடம் கேளுங்கள். அது சொன்னதற்கும் கல்லாவில் விழுந்ததற்கும் உள்ள வித்தியாசம்தான் அதன் நம்பகத்தன்மை. 15 இலட்சம் என்று சொன்ன இடத்தில் 12 இலட்சம்தான் விற்றிருந்தால், அடுத்த முறை 12க்கே சரக்கு எடுங்கள்.

கோடு நேற்றைய கணக்கில் இருந்து பிறந்தது. நாளைய தவணையைக் கட்டப் போவது நாம்.