கேட்டது ஒன்று, வந்தது ஒன்று

சென்ற பருவத்தின் தொடக்கத்தில், ஆய்வுத் திட்ட வேலைக்காக ஒரு மல்டிமீட்டர் தேவைப்பட்டது. ஆய்வுக்கூடத்தில் இருப்பவை இரண்டு; காத்திருப்பவர்களோ பதினான்கு பேர். ஆகவே இணையக் கடை ஒன்றில், மின்தேக்குத்திறனையும் அளக்கவல்ல கருவியாகப் பார்த்து, 2,150 ரூபாய் கட்டித் தருவித்தேன். நான்காம் நாள் பார்சல் வந்தது. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டு நான் கேட்ட கருவியின் பெயரைத்தான் சொல்லிற்று. உள்ளே இருந்ததோ வேறு. கடைத்தெருவில் 500 ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரணக் கருவி. மின்தேக்கியை அது அளக்காது.

அறை நண்பர்களிடம் காட்டினேன். அவர்கள் கூறிய முதற்சொல் என்ன தெரியுமா? “விட்டுத் தள்ளு.” விடுதியில் நம்மவர் யாரைக் கேட்டாலும் இதே பதில்தான். மூத்த மாணவர் ஒருவர், சென்ற ஆண்டு காதில் பொருத்தும் கருவி ஒன்றுக்கு 1,700 ரூபாய் கொடுத்து, வெறும் கம்பிச் சுருளைப் பெற்றவர். அவரும் விட்டுவிட்டார். “இந்தி சரியாக வராது, ஆங்கிலத்தில் எழுதினால் எந்திரம் பதில் சொல்கிறது, படிப்பைப் பார்ப்பதா, இதைப் பார்ப்பதா?” என்று அவர் கேட்டபோது, நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. ஆயினும் 2,150 ரூபாய் என்பது எனக்கு ஒரு மாத உணவுச் சீட்டில் பாதிக்கு மேல். விட மனம் வரவில்லை.

நண்பர்களே, இனி நடந்ததைக் கேளுங்கள். சிரிப்பும் வரும், சினமும் வரும்.

‘தவறான பொருள்’ என்னும் காரணத்தைக் குறித்து, திருப்பி எடுத்துக்கொள்ளுமாறு பதிந்தேன். மறுநாள் ஒரு தம்பி வந்தார். பெட்டியைத் திறந்தார். தம் கைபேசியில் இருந்த படத்தையும் கருவியையும் மாறி மாறிப் பார்த்தார். “மேட்ச் நஹீ ஹோ ரஹா, பையா” என்றார். பொருந்தவில்லையாம்! பொருந்தாத பொருள் வந்தது என்பதுதானே என் புகாரே! பொருந்தியிருந்தால் நான் ஏன் திருப்பித் தருகிறேன்? எனக்குத் தெரிந்த இந்தியை எல்லாம் கொட்டிச் சொல்லிப் பார்த்தேன். அவர் தலையசைத்தார், அவருக்கும் புரிந்தது. ஆனால் படத்தோடு பொருந்தாததை வாங்கிச் சென்றால் அவர் கூலியில் பிடித்துவிடுவார்கள் என்றார். இரண்டு நாள் கழித்து வேறொருவர் வந்தார். அதே படம், அதே பதில். அன்று மாலை எனக்கு வந்த செய்தி: “வாடிக்கையாளர் வேண்டுகோளின்படி திருப்புதல் ரத்து செய்யப்பட்டது.”

தர்க்கம் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இஃது ஒரு பொறி. சரியான பொருளை மட்டுமே திருப்பித் தரலாம். தவறான பொருளைத் திருப்பித் தர முடியாது என்று ஏற்பாடு செய்துவிட்டு, அதற்குத் ‘தரப் பரிசோதனை’ என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். வாயிலில் வந்து நிற்கும் தொழிலாளியின் மேல் நான் கோபப்படவில்லை. அவர் மேல் கோபப்படுவோர் நம் விடுதியிலும் உண்டு, அது தகாது. அவரும் என்னைப்போல் ஊர்விட்டு ஊர் வந்தவர். குற்றம், அவர் கையில் அந்தப் படத்தைக் கொடுத்தவர்களுடையது. கிடங்கிலிருந்து அனுப்பும்போதே எடையைக் குறித்து ஒரு படமும் எடுத்து வைத்தால், வழியில் மாறியதா, வாங்கியவன் மாற்றினானா என்பது தெரிந்துபோகும். அந்தச் செலவைத் தாங்கள் ஏற்காமல், நம் பொறுமையின் மேல் ஏற்றுகிறார்கள்.

விருதுநகர்க் கடைத்தெருவில் என் தந்தை வாங்கிய தராசுக்கல் ஒன்று எடை குறைந்திருந்தது என்று எடுத்துப் போனபோது, கடைக்காரர் முகத்தைச் சுளித்தார். ஆனால் மாற்றிக் கொடுத்தார். ஏன்? நாளையும் அதே தெருவில் அவர் கடை திறக்க வேண்டும். இணையக் கடைக்கோ முகமும் இல்லை, தெருவும் இல்லை. அங்கே முகத்தின் வேலையைச் சட்டம்தான் செய்தாக வேண்டும்.

சட்டம் இருக்கிறதா? இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, நடைமுறைக்கு வந்தது 2020 ஜூலையில். அதே மாதம் மின்வணிகத்துக்கென்று தனி விதிகளும் வந்தன. விளம்பரம் செய்த தன்மைகள் இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுப்பதற்கோ, பணத்தைத் திருப்பித்தர மறுப்பதற்கோ விற்பனையாளருக்கு உரிமை இல்லை என்று அவ்விதிகள் கூறுகின்றன. கடை நடத்தும் நிறுவனம் குறைதீர்க்கும் அலுவலர் ஒருவரை அமர்த்தி, அவர் பெயரை வெளியிட வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ‘மாற்றித் தருவோம், பணம் தரமாட்டோம்’ என்று பொருளின் கீழே பொடி எழுத்தில் போட்டுவிட்டால், விதி மறைந்துபோகுமா? பெட்டியைப் பிரிக்கும்போது ஒளிப்படம் எடுத்தாயா என்று கேட்கிறார்களே, அப்படியொரு நிபந்தனை இவ்விதிகளில் இல்லை. (ஆனாலும் எடுத்து வையுங்கள். வாதம் வேறு, வாழ்க்கை வேறு.)

அந்த அலுவலருக்கு எழுதினேன். ஒப்புகை வந்தது, பிறகு மௌனம். இடையில், 300 ரூபாயை என் கணக்கிலே ‘கடைப் பணமாக’ வரவு வைப்பதாகவும், அத்துடன் முடித்துக்கொள்ளலாம் என்றும் ஒரு செய்தி. அந்தப் பணத்தை அவர்கள் கடையிலேதான் செலவழிக்க முடியும். கொடுத்த வழியே முழுத்தொகையும் வரவேண்டும் என்று பதில் எழுதினேன்.

பிறகுதான் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிட்டேன். தமிழிலேயே பேசலாம் என்று தெரிந்தபோது, இத்தனை நாள் இந்தியில் திக்கித் திணறியதை எண்ணிச் சிரிப்பு வந்தது. 17 மொழிகளில் நடக்கும் ஏற்பாடு இது. நம் சங்கத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்குப் பதிவெண் கொடுத்தார்கள். ஒன்பதாம் நாள் நிறுவனத்திலிருந்தே அழைப்பு. மறுநாள் வந்தவர் பெட்டியைத் திறக்கவே இல்லை; கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். ஐந்து நாளில் 2,150 ரூபாயும் வங்கிக்கு வந்துவிட்டது. ஆக, முதல் நாளிலிருந்து 26 நாள்.

உதவி எண் நீதிமன்றம் அன்று. அது நிறுவனத்தோடு பேசும், அவ்வளவே. அங்கும் மறுத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து இலட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞரும் கட்டாயம் இல்லை. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லாத வசதி ஒன்று புதிய சட்டத்தில் உண்டு: நாம் குடியிருக்கும் ஊரிலேயே, அல்லது வேலை செய்யும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். நிறுவனத்தின் தலைமையிடத்தைத் தேடி ஓடவேண்டியதில்லை.

நிற்க. நம் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். நேர்முகத் தேர்வுக்கென்று கோட்டு வாங்கி, சீட்டைக் கிழிக்காமல் ஒரு நாள் அணிந்து, மறுநாள் ‘அளவு சரியில்லை’ என்று திருப்பி அனுப்பிய வீரர்கள் நம் விடுதியில் இல்லையா? அதைப் பெருமையாகவும் பேசுகிறார்கள். அவர்களைக் காட்டித்தான், என் வாயிலில் அந்தப் படத்தை நீட்டுகிறார்கள். அடுத்த முறை அந்த நண்பர்கள் தம் சாமர்த்தியத்தைச் சொல்லும்போது, என் 26 நாளையும் சேர்த்துச் சொல்லட்டும்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவுக்கும் நாடகத்துக்கும் குழு இருக்கிறது. புதிதாக வரும் தம்பி தங்கையருக்கு இப்படி ஒரு கடிதம் எழுதிக் கொடுக்க இருவர் போதும். செலவு ஒன்றும் இல்லை. சனிக்கிழமை மாலைகளில் நான் உட்காரத் தயார்.

முதல் கடிதம் அந்த மூத்த மாணவருடையது. ஆணையத்தை நாட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. அவர் ஏமாந்து பதினொரு மாதந்தான் ஆகிறது. வருவதாகச் சொல்லியிருக்கிறார். பெட்டியை எறிந்துவிட்டாராம், ரசீது மட்டும் கைபேசியில் இருக்கிறதாம்.