ஒருத்தியைக் கொடுத்தால் ஊர் பிழைக்குமா?



ஒரு பெண்ணை அதிகாரியிடம் அனுப்பிவிட்டால் ஊர் தப்பித்துக்கொள்ளும் என்று பஞ்சாயத்து தீர்ப்புச் சொன்னால் அதற்கு என்ன பெயர்? ஊர்க்கட்டுப்பாடாம்! கேதன் மேத்தா இயக்கி, 1987-ல் வெளிவந்த ‘மிர்ச் மசாலா’ என்ற இந்திப் படம் இந்தக் கட்டுப்பாட்டின் முகத்திரையைக் கிழிக்கிறது.

வெள்ளையர் ஆட்சிக்காலம். குஜராத் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வரி வசூலிக்கச் சிப்பாய்களோடு வந்து கூடாரமடிக்கிறான் ஒரு சுபேதார். சோன்பாய் என்ற பெண்மீது கை வைக்கிறான். அவளோ அவன் கன்னத்தில் அறைந்துவிட்டு, மிளகாய் இடிக்கும் பட்டறைக்குள் ஓடிப் புகுகிறாள். வயதான காவற்காரர் அபு மியான் கதவைத் தாழிடுகிறார். உள்ளே கூலிப் பெண்கள்; வெளியே துப்பாக்கிகள்.

ஊர்ப் பெரியமனிதர்கள் கூடுகிறார்கள். சுபேதாரை எதிர்க்கவா? இல்லை, சோன்பாயை ஒப்படைக்க! தலைமை வகிப்பவன் யார்? இரவில் வேறு வீடு தேடிப் போகும் ஊர்த்தலைவன். மகளைப் பள்ளியில் சேர்த்த குற்றத்துக்காக மனைவி சரஸ்வதிமீது பாய்பவனும் அவனே. ஆணுக்கு எந்த வாசலும் திறக்கும். பெண்ணுக்குப் பள்ளிக்கூட வாசல்கூட ஆகாது. இவர்கள்தாம் ஒழுக்கத்தின் காவலர்கள்! இனி வேறு பெண்ணைக் கேட்கக்கூடாது என்று இவர்கள் நிபந்தனை போட்டபோது சுபேதார் என்ன செய்தான்? சிரித்தான்! பணிந்தவனின் நிபந்தனைக்கு அவ்வளவுதான் மதிப்பு.

பட்டறைப் பெண்களும் எடுத்த எடுப்பில் வீராங்கனைகளாகிவிடவில்லை. உன்னால்தானே எங்களுக்கு இந்தக் கதி என்று சோன்பாயிடம் சீறுகிறார்கள். வேலைநிறுத்தம் கண்ட ஆலைத் தொழிலாளிக்கு இது தெரியாததா? அந்த ஒருவனைக் கைவிடுங்கள், மற்றவர்களுக்கு வேலை தருகிறேன் என்பான் முதலாளி. இன்று அவன், நாளை யார்?

ஆனால் பயம் தெளிகிறது. வெளியே சரஸ்வதி பெண்களைத் திரட்டித் தட்டுகளை முழக்குகிறாள். கதவு உடைகிறது, அபு மியான் சுடப்பட்டுச் சாய்கிறார். உடனே கூடப்பிறக்காத அந்த அக்காள் தங்கைகள், கூலிக்கு இடித்த மிளகாய்ப் பொடியையே சுபேதாரின் முகத்தில் வாரி வீசுகிறார்கள்!

படம் அங்கே முடிகிறது. மறுநாள் வேறொரு சுபேதார் வருவானே, அவனை எதிர்கொள்ளும் வழியைப் படம் காட்டவில்லை. அந்த வழி சங்கம்தான்.

இன்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பாலியல் தொல்லை பற்றிய புகாரை விசாரிக்க முதலாளி குழு அமைத்தாகவேண்டும். அதற்கும் குறைவான ஆட்கள் உள்ள இடங்களுக்கு மாவட்டத்தில் குழு உண்டு. உங்கள் ஆலையில் குழு இருக்கிறதா? அதில் யார் யார்? கேளுங்கள்! வயலில் வேலை செய்யும் சகோதரிக்கு மாவட்டக் குழு இருப்பதை யாராவது சொன்னார்களா? சொல்லுங்கள்!

சட்டம் ஏட்டில் கிடந்தால் எந்தக் கங்காணியும் அஞ்சமாட்டான். புகார் செய்பவள் ஒருத்தியாக நின்றால் அவளை விலக்கிவிடுவான். பட்டறை முழுவதும் அவளோடு நின்றால்?

ஒருத்தியையும் விட்டுக்கொடோம்! இதுவே உழைப்பாளிகளின் ஊர்க்கட்டுப்பாடாகட்டும்!