பூ எண்ணெய் நலத்துக்கே, நிறத்துக்கன்று

செங்கழுநீர்ப் பூவால் பெயர்பெற்றது செங்கல்பட்டு என்பர். அங்கிருந்து மாமல்லபுரக் கடற்கரை வரையுள்ள வறண்ட நிலங்களில் ஆவாரை மஞ்சளாய்ப் பூக்கிறது. அப்பூவை நிழலில் ஈரமற உலர்த்தி, தேங்காய் எண்ணெயில் மூழ்க இட்டு, சில நாள் வெயிலில் வைத்து வடித்தால், வறண்ட தோலுக்கு இதமான எண்ணெய் ஆயிற்று. ஈரம் எஞ்சினால் எண்ணெய் கெடும், நுட்பம் அவ்வளவே.

ஆனால் நம் வீடுகளில் எழும் முதற்கேள்வி, “பூசினால் பிள்ளை சிவப்பாவாளா?” என்பதே. ஆகமாட்டாள், ஆக வேண்டியதுமில்லை.

நிறங்களின் வேறுபாட்டைத் திருக்குர்ஆன் (30:22) இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாகக் காட்டுகிறது. பெண் பார்க்கப் போன வீட்டில் அதையே குறையாக எடைபோடுகிறவர்கள் நாமல்லவா? அதற்கு அஞ்சியே நம் பிள்ளைகள் சிவப்பழகுக் களிம்புகளை நாடுகின்றனர். 2023இல் கேரளத்தின் மலப்புரத்தில் அத்தகைய களிம்புகளைப் பூசிய சிலருக்குச் சிறுநீரகம் பழுதுற்றது. அவற்றில் பாதரசம் மிகுந்திருந்தது கண்டறியப்பட்டது.

உடல் நமக்கு அளிக்கப்பட்ட அமானிதம். அதைப் பேணுவது கடமை. அதன் நிறத்துக்காக வெட்கப்படுவது நன்றிகேடு. மகளின் கையில் பூ எண்ணெயைக் கொடுக்கும்போது, “உன் நிறம் அல்லாஹ் தந்த அழகு” என்ற சொல்லையும் சேர்த்தே கொடுப்போமாக!