கண்ணிற் படாத வாயிற்படி

அரசு அலுவலக வாயிலில் சாய்தளம் இல்லையெனில் காண்போர் குறை கூறுவர். இணையதளத்தின் வாயிற்படியோ பிறர் கண்ணிற் படுவதில்லை. பார்வையற்றோர், திரையிலுள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருளின் குரலைக் கேட்டே இணையத்தைப் பயன்படுத்துகின்றனர். படத்துக்கு எழுத்து விளக்கமும், நிரப்பும் கட்டத்துக்குப் பெயரும் இல்லாவிடில் அக்குரலால் யாது பயன்? கோணலாக வரைந்த எழுத்துகளைப் பார்த்து நிரப்பும் சோதனையோ, ஒலிவடிவில் மாற்று இல்லையேல், பூட்டிய கதவே. அப்போது கடவுச்சொல்லையும் வங்கி விவரத்தையும் பிறரிடம் ஒப்படைக்க நேருகிறது.

இஃது இரக்கம் வேண்டும் செய்தியன்று, உரிமை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதனை வலியுறுத்துகிறது. இணையச் சேவைகளை எய்துவது, அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் கூறென 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம்மிற் பலர் ரயில்வேயிலும் வங்கியிலும் பிற பொதுத்துறை அலுவலகங்களிலும் பணிபுரிகின்றோம். தத்தம் அலுவலகத் தளத்தைத் திறந்து, மவுஸைத் தொடாது, விசைப்பலகையை மட்டும் கொண்டு ஒரு விண்ணப்பத்தின் இறுதிவரை சென்று பாருங்கள். கால் மணி நேரம் போதும். தடைப்படும் இடங்களைக் குறித்து, மேலதிகாரிக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள்.