பித்தப்பையில் கல்: ரண சிகிச்சை வேண்டுமா?

ஆடி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை இருக்கன்குடியில் பெருங்கூட்டம் கூடும்பொழுது, வயிற்று நோவு தீர வேண்டுமென்று நேர்ந்துகொண்டு வருவோரையும் அதில் காணலாம். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகின்ற அவ்விடத்தில் அம்மனிடம் முறையிட்டு மக்கள் மன ஆறுதல் பெறுவதை நாம் குறைகூறவில்லை. ஆயினும், நோவு இன்னதென்று அறிந்துகொள்ளாமலே ஆண்டுக்கணக்கில் பொறுத்திருப்பது ஒரு தவறு. இன்னதென்று அறிந்த மறுநாளே கடன் வாங்கிக்கொண்டு ரண சிகிச்சைக்கு ஓடுவது மற்றொரு தவறு. இவ்விரண்டையும் நம் அங்கத்தினர் குடும்பங்களிலேயே நாம் கண்டிருக்கிறோம். ஆதலின் பித்தப்பைக் கல்லைப் பற்றிச் சில சொற்கள் கூறுவது நம் கடமையாகிறது.

நெசவாளர் ஒருவர் வேறொரு காரணத்திற்காக வயிற்றை ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சென்றார். பித்தப்பையில் கல் இருப்பதாகத் தெரிந்தது. அதுவரை அவருக்கு வலி என்பதே கிடையாது. "வைத்திருந்தால் வெடித்துவிடும்" என்று அக்கம்பக்கத்தார் அச்சுறுத்தவே, வட்டிக்குப் பணம் வாங்கிப் பித்தப்பையை எடுத்துக்கொண்டார். தறி இரண்டு மாதம் நின்றது. கடன் இன்னும் நிற்கிறது. மற்றொருவர் விவசாயி வீட்டு அம்மையார். விருந்துண்ட இரவெல்லாம் வலது விலாவின் கீழ் நோவும் வாந்தியுமாக இரண்டாண்டுகள் துன்புற்றார். வாய்வு என்று சுக்குக் கஷாயமும், கல்லென்று யாரோ சொன்னதால் வாழைத்தண்டுச் சாறும் குடித்து வந்தார். முடிவில் கண் மஞ்சளித்து, குளிர்காய்ச்சலோடு மதுரைக்குத் தூக்கிச் செல்ல நேர்ந்தது. பிழைத்தது பெரும் பேறு.

இருவருக்கும் இருந்தது ஒரே நோய்தான். ஒருவர் வேண்டாத நேரத்தில் விரைந்தார். மற்றவர் வேண்டிய நேரத்தில் தயங்கினார். இந்த வேறுபாட்டை உணர்ந்துகொண்டால் பாதிக் கவலை தீரும்.

ஈரலில் ஊறும் பித்தநீரைச் சேர்த்துவைத்து, உணவு, அதிலும் கொழுப்பு மிகுந்த உணவு, குடலுக்கு வரும்போது அனுப்புவதே பித்தப்பையின் வேலை. அந்நீரிலுள்ள பொருள்கள் சரியான அளவில் கலந்திராதபோது அவை படிந்து கல்லாகின்றன. சிறுநீரகக் கல் வேறு, இது வேறு. சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லப்படும் வாழைத்தண்டுச் சாறு பித்தப்பைக்குச் சென்று சேர்வதில்லை. கரைப்பதற்கு மாத்திரை உண்டு என்பது மெய்யே. ஆனால் அது கொழுப்பினால் ஆன சிறு கற்களை மட்டுமே, பல மாதங்களில் கரைக்கும். நிறுத்தியபின் பலருக்குக் கல் மீண்டும் உண்டாகும். தென்னாட்டிலோ நிறமிக் கற்களும் கலப்புக் கற்களும் மிகுதி. அவற்றிடம் அம்மாத்திரை செல்லாது. ரயில்வே ஊழியரிடையே நடத்தி 1968-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, இந்நோய் தென்னிந்தியரைவிட வட இந்தியருக்கு ஏழு மடங்கு மிகுதி என்று கண்டது. இன்று ஸ்கேன் பரவியபின் நம் பக்கத்திலும் இப்பேச்சு அடிக்கடி கேட்கிறது.

கல் இருக்கிறது என்பது ஒன்று. கல் தொல்லை தருகிறது என்பது வேறொன்று. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஆசிரியர்களுள் வலியில்லாத கல் உடைய 123 பேரைப் பல்லாண்டுகள் கவனித்து 1982-இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். ஐந்தாண்டுகளில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும், இருபதாண்டுகளிலும் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்குமே வலி கண்டது. வலியில்லாத கல்லை வெறுமே இருக்க விடலாம் என்று வைத்தியர் பெரும்பாலும் கூறுவது இதனாலேயே. கல் மூன்று சென்டிமீட்டருக்கு மேற்பட்டிருத்தல், பையின் சுவர் சுண்ணாம்பேறி இறுகியிருத்தல், உள்ளே பெரிய சதை வளர்ச்சி காணுதல் போன்ற சில நிலைகள் இதற்கு விலக்கு.

வலி கண்டபின் கணக்கு மாறுகிறது. எண்ணெய்ப் பண்டம் உண்டபின் வலது விலாவின் கீழோ நெஞ்சுக்குழியிலோ கிளம்பி, தோள்பட்டைக்கோ முதுகிற்கோ பரவி, அரைமணி முதல் சில மணி நேரம் வரை நிற்பது இவ்வலியின் இயல்பு. நெஞ்சுக்குழி நோவு இருதய நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம் என்பதை மறத்தல் கூடாது. ஒருமுறை வந்தது மறுமுறையும் வரும் என்பதே பலருடைய அனுபவம். ஆனாலும் இங்கும் பதற்றம் வேண்டியதில்லை. வலி கண்டு, வேறு சிக்கல் நேராத 434 பேரை இரு பகுதியாகப் பிரித்துக் கவனித்த பிரிட்டிஷ் ஆராய்ச்சி ஒன்று 2023-இல் வெளிவந்தது. பொறுத்திருக்கச் சொன்ன பகுதியில் 18 மாதங்களுக்குள் நூற்றுக்கு 25 பேருக்கே ரண சிகிச்சை ஆயிற்று. சிகிச்சைக்கென்று குறித்த பகுதியில் 67 பேருக்கு ஆயிற்று. உடல் வலியின் அளவில் இரு பகுதியாருக்கும் வேறுபாடு காணப்படவில்லை. பதினெட்டு மாதம் நீண்ட காலமன்று என்றாலும், வைத்தியருடைய கண்காணிப்பில் காத்திருப்பது மடமையன்று என்பதற்கு இது சான்றாகும். எனவே, வலி எப்போதோ ஒருமுறை வருவோர் தை அறுவடை முடியும் வரையிலோ, பாவு இறங்கும் வரையிலோ தவணை கேட்பதில் தவறில்லை.

தவணைக்கு இடமில்லாத நிலைகளும் உண்டு. காய்ச்சலும் குளிரும் காணுதல், கண்ணும் சிறுநீரும் மஞ்சளித்தல், வலி ஐந்தாறு மணி நேரம் கடந்தும் தணியாமை, முதுகைத் துளைக்கும் நோவோடு ஓயாத வாந்தி: இவற்றுள் ஒன்று கண்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். கல் பையை விட்டு நழுவிக் குழாயை அடைத்திருக்கலாம், கணையம் புண்பட்டிருக்கலாம். அப்போது அறுவடையும் பார்க்கலாகாது, நேர்த்திக்கடனும் பார்க்கலாகாது.

இனி, ரண சிகிச்சையைப் பற்றிய அச்சம். 1882-ஆம் ஆண்டு பெர்லின் நகரில் லாங்கென்பூக் என்னும் வைத்தியர், பதினாறு ஆண்டுகள் இந்நோவினால் வாடிய 43 வயதினர் ஒருவருக்கு முதன்முதலாகப் பித்தப்பையை நீக்கினார். கல்லை மட்டும் எடுத்தால் பை மறுபடியும் கல் விளைவிக்கும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். சிறு துளைகளின் வழியே கருவி செலுத்திச் செய்யும் முறையை 1990-இல் பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் டாக்டர் தெஹம்டன் உட்வாடியா நம் நாட்டில் தொடங்கிவைத்தார். இம்முறையில் பெரும்பாலோர் ஓரிரு நாளில் வீடு திரும்புகின்றனர். இலேசான வேலை ஓரிரு வாரத்தில் கூடும். குழித்தறியில் இறங்கி மிதிப்பதற்கும், மூட்டை தூக்குவதற்கும், மண்வெட்டி பிடிப்பதற்கும் இன்னும் சில வாரம் பொறுக்க வேண்டும். பித்தப்பை இல்லாமலும் மனிதர் இயல்பாக உண்டு வாழலாம். சிலருக்குச் சில காலம் வயிறு இளகும். அபாயமே இல்லையென்று நாம் சொல்ல மாட்டோம். ஆயிரத்தில் சிலருக்குப் பித்தக் குழாய் காயப்படுவதுண்டு; சிலருக்கு இடையிலேயே வயிற்றைத் திறந்து முடிக்க வேண்டியும் வரும். இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி நாடெங்கும் ஆஸ்பத்திரிகளுக்குச் செல்கிறது. பிறருடைய புண்ணை ஆற்றத் துணி நெய்து தரும் மாவட்டத்தார் நாம். தமக்கு உண்மையில் வேண்டிவரும்போது மட்டும் கத்திக்கு அஞ்சி ஒளிதல் தகுமா?

ஆகவே, ஸ்கேன் சீட்டைக் கையில் வாங்கிய அங்கத்தினர் வைத்தியரிடம் தயங்காமல் கேட்க வேண்டியவை நான்கு: என்னுடைய நோவு இந்தக் கல்லினால்தானா? பொறுத்திருந்தால் எனக்கு நேரக்கூடியது என்ன? எந்த முறையில் செய்வீர்கள், அதன் அபாயம் என்ன? எத்தனை நாள் வேலை நிற்கும், மொத்தச் செலவு எவ்வளவு? இவற்றிற்கு விடை கிடைக்காத இடத்தில் கையொப்பமிடாமல், இன்னொரு வைத்தியரையும் கேட்பது நலம். மதுரையில் அரசு இராஜாஜி ஆஸ்பத்திரி நெடுங்காலமாக இருக்கிறது. விருதுநகரிலும் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு ஐந்து லட்ச ரூபாய் வரை உதவி உண்டு. அட்டையைக் காட்டி, இச்சிகிச்சை எங்கே அதில் அடங்கும் என்று முன்னதாகவே விசாரித்துக்கொள்ள வேண்டும். கந்துவட்டிக்காரரிடம் செல்வதற்கு முன் இந்த வாசல்களைத் தட்டியாக வேண்டும்.

சங்கங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. கர்நாடகத்தில் கூட்டுறவு விவசாயிகளுக்கென ஏற்பட்ட யசஸ்வினி திட்டம் 2003-இல் நடைமுறைக்கு வந்தபோது, ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 60 ரூபாய் சந்தாவில் முதலாண்டிலேயே சுமார் 16 லட்சம் பேர் சேர்ந்தார்கள். 2018-இல் வேறு திட்டத்தோடு இணைக்கப்பட்ட அது 2022-இல் மீண்டும் உயிர் பெற்றது. சிறு துளி பெருவெள்ளம் என்பதைக் கூட்டுறவாளருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. நம் சங்கமும் ஒரு சிறு வைத்திய நிதி திரட்டி, படுக்கையில் கிடக்கும் நாள்களுக்கு அங்கத்தினர் வீட்டில் அடுப்பெரிய வழிசெய்யுமாயின், பாதிப் பேர் நோயை ஒளிக்க மாட்டார்கள். பாதிப் பேர் கடனில் விழ மாட்டார்கள். வரும் மகாசபையில் இதனை முன்வைக்க வேண்டுகிறோம்.

கல்லைக் கண்டு கலங்க வேண்டாம். வலியைக் கண்டும் உறங்க வேண்டாம். உடல் நம்முடையது, அதைப் பற்றிய முடிவும், கேட்டறிந்தபின், நம்முடையதாகவே இருத்தல் வேண்டும்.